அண்ணாமலை நகர்: அன்று தோட்டா, இன்று படிவம்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே நடராசர் கோயிலும் தேரோடும் வீதிகளும். கிழக்கே அண்ணாமலை நகர். நடுவில் தண்டவாளம். ஊர் ஒரு பக்கமும் பல்கலைக்கழகம் மறுபக்கமுமாக இப்படிப் பிரிந்து கிடப்பதாலோ என்னவோ, மாணவர்கள் கோபம் கொண்ட ஒவ்வொரு முறையும் ஊர்வலமாக ஊருக்குள் போகத்தான் புறப்பட்டார்கள். போலீஸும் அவர்களை அந்தப் பக்கம் விடக்கூடாது என்றுதான் நின்றது.

1965 ஜனவரி 27 அன்றும் அப்படித்தான். அதற்கு முந்தைய நாள் குடியரசு தினம். இந்தி இந்தியாவின் ஒரே ஆட்சிமொழியாக வேண்டிய நாள். 25ஆம் தேதி மதுரையில் மூண்ட இந்தி எதிர்ப்புத் தீ மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். போலீஸ் மறித்தது, பிறகு சுட்டது. ராஜேந்திரன் என்ற பதினெட்டு வயது மாணவர் செத்து விழுந்தார். அந்த ஆண்டுப் போராட்டத்தில் துப்பாக்கிக்குப் பலியான முதல் மாணவராக இன்றும் அவரைத்தான் நினைவுகூர்கிறார்கள். பல்கலைக்கழக நுழைவாயில் அருகே அவருக்குச் சிலை இருக்கிறது.

அன்றைய போலீஸுக்குக் கூட்டத்தைக் கையாள ஏட்டில் எழுதியிருந்த வரிசை இது: எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியில் துப்பாக்கி. அந்த ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பல ஊர்களில் அந்த வரிசையை யாரும் பின்பற்றவில்லை. முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசு போராட்டத்தைச் சட்டம்-ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் வந்தது, ராணுவமும் வந்தது. பொள்ளாச்சியில் ராணுவம் சுட்டது. திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களைக் கூட்டம் உயிரோடு எரித்தது. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்பது மக்கள் பேச்சு. எரிந்த அந்த இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்தே நான் நினைக்கிறேன். அவர்களும் யாரோ எடுத்த முடிவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்கள்தான்.

அன்று போராடிய மாணவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறியவர்கள். தென்னார்க்காடு, தஞ்சை, ராமநாதபுரம் கிராமங்களிலிருந்து ட்ரங்குப் பெட்டியோடு வந்தவர்கள். மத்திய அரசுத் தேர்வுகள் இந்தியில் நடந்தால் தங்களுக்கு வேலை இல்லை என்பதை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மொழிப்பற்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வயிற்றுப் பாடும் அதில் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்த மாணவர் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர்.

மாணவர் தோளில் ஏறி வந்த ஆட்சியில் போலீஸ் மாறியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். அண்ணாமலை நகர் அதற்குப் பதில் சொல்ல நான்கு ஆண்டுகள்தான் எடுத்துக்கொண்டது.

1971இல் முதலமைச்சர் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். போலீஸ் வளாகத்துக்குள் வந்தது, தடியடி நடந்தது. பட்டமளிப்பு முடிந்தபின் வளாகக் குளத்தில் ஒரு மாணவரின் உடல் மிதந்தது. அது உதயகுமார் என்றார்கள் சக மாணவர்கள். போலீஸ் அடித்ததில்தான் இறந்தார் என்றன எதிர்க்கட்சிகள். அரசு மறுத்தது. அது என் மகனே இல்லை என்று அவருடைய தந்தையே சொன்னார். அப்படிச் சொல்ல வைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு அரை நூற்றாண்டு கடந்தும் அரசியல் மேடைகளில் எழுந்துகொண்டே இருக்கிறது. விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். சந்தேகம் தீரவில்லை.

ராஜேந்திரனுக்குச் சிலை கிடைத்தது. உதயகுமாருக்கு ஒரு விவாதம்தான் கிடைத்தது. முதலாமவர் இறந்தபோது ஆண்ட கட்சி தோற்றுப்போனது, அதனால் அவர் தியாகி ஆனார். இரண்டாமவர் இறந்தபோது ஆண்ட கட்சி தொடர்ந்து ஆண்டது, அதனால் அவர் சர்ச்சை ஆனார். இறந்தவரின் பெயர் எப்படி நிலைக்கும் என்பதை அவருக்கு நேர்ந்தது தீர்மானிக்கவில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாக வகுப்புக்குப் போனவர்கள்.

இந்த வரலாற்றை மாணவர் ஒரு பக்கம், போலீஸ் எதிர்ப்பக்கம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் நடந்தது மாணவர் சம்பந்தப்பட்டதே அல்ல. விசாரணைக்குக் கொண்டுபோன ஒரு ஏழைத் தொழிலாளி காவலில் இறந்தார். அவருடைய மனைவியைக் காவலர்கள் வன்புணர்ந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் ஜனநாயக மாதர் சங்கமும் விடாமல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகுதான் போலீஸார் தண்டனை பெற்றார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய காவல் நிலையம் தமிழ்நாட்டுக் காவல் கொடுமைக்கே அடையாளமாகிப்போனது.

நான்கு ஆண்டு கழித்து, 1996 நவம்பரில், அதே வளாகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். கொன்றவர் சீனியர் மாணவர், ராகிங்கில் முடிந்த கொலை. நாவரசுவின் தந்தை பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தக் கொலைக்குப் பிறகுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. அங்கே போலீஸ் வராமல் இருந்திருந்தால் உண்மை வெளிவந்திருக்காது. ஆகவே காக்கி வளாகத்துக்குள் காலே வைக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கொலைக்கு வர வேண்டிய போலீஸ், கோரிக்கைக்கும் வருகிறதே என்பதுதான் என் வருத்தம்.

2010 தொடக்கத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அரசு வசம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பொறியியலுக்கு ஜார்க்கண்ட், பீகார் பக்கமிருந்து ஏராளமான மாணவர்களைச் சேர்த்தது. அப்படி வந்த ஒருவர் சாலை விபத்தில் அடிபட்டு இறந்தார். சிகிச்சையில் அலட்சியம் என்று அவருடைய நண்பர்கள் ஆத்திரப்பட்டார்கள், கல்லெறி நடந்தது, போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது. சிதறி ஓடிய மாணவர்களில் சிலர் வளாகத்தை ஒட்டிய வாய்க்காலில் விழுந்து மூழ்கிச் செத்தார்கள். பல்கலைக்கழகத்தை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். வடக்கே போகும் ரயில்களில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள்.

1965இல் இந்தியை எதிர்த்துப் போன பையன் சிதம்பரத்தில் சாகிறான். 2010இல் இந்தி பேசும் பையன்கள் அதே ஊரில் தடிக்குப் பயந்து ஓடி, பாஷை தெரியாத ஊரில், இருட்டில், ஆழம் தெரியாத தண்ணீரில் சாகிறார்கள். இவர்களுக்குச் சிலை வைக்க எந்தக் கட்சியும் இங்கே இல்லை. எனக்குத் தெரிந்தவரை, தமிழ்நாட்டில் அவர்களுக்காக ஒரு நினைவு நாள்கூட யாரும் அனுசரிக்கவில்லை. ராஜேந்திரனுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறவர்கள் அந்த வாய்க்கால் கரையிலும் ஒரு பூவை வைத்தால், மொழிப்போரின் நியாயம் எந்த விதத்திலும் குறைந்துவிடாது.

அதற்குப் பிறகு பாணி மாறுகிறது. 2013இல் நிதிச் சீர்கேட்டால் பல்கலைக்கழகத்தை அரசே எடுத்துக்கொண்டது. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய நிறுவனத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் நிர்வகிக்க வந்தார். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) மாணவர் பாதுகாப்புக்கென்று நெறிமுறைகள் அனுப்பியது. ஏறிக் குதிக்க முடியாத மதில், அதன்மேல் முள்கம்பி, வாயிலில் காவலாளி, சிசிடிவி கேமரா, பயோமெட்ரிக் வருகைப் பதிவு, முடிந்தால் வளாகத்துக்குள்ளேயே காவல் நிலையம். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்களுக்கு மாணவர் என்பவர் பாதுகாக்கப்பட வேண்டியவரா, கண்காணிக்கப்பட வேண்டியவரா என்பதில் தெளிவு இருந்ததாகத் தெரியவில்லை.

இதே காலத்தில் இன்னொன்று சத்தமில்லாமல் காணாமல் போனது. மாணவர் பேரவைத் தேர்தல். 2006இல் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்று, தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று விதிகள் வகுத்துக் கொடுத்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அந்த விதிப்படியோ வேறு எந்த விதிப்படியோ தேர்தலே நடப்பதில்லை. மெஸ் சாப்பாட்டில் புழு கிடக்கிறது என்று பேச மாணவர் தரப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஆள் இல்லை. ஆகவே நூறு பேரும் தட்டோடு வெளியே வருகிறார்கள். நூறு பேர் வெளியே வந்தால் வார்டன் போன் போடுகிறார். பேச்சுவார்த்தைக்கு முதலில் வந்து நிற்பவர் இன்ஸ்பெக்டர். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். அறுபதுகளில் மாணவருக்கும் போலீஸுக்கும் நடுவே மாணவர் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் போலீஸோடும் பேசுவார், துணைவேந்தரோடும் பேசுவார். அப்படிப்பட்டவர்களில் சிலர் பின்னாளில் எம்.எல்.ஏ. ஆகி அமைச்சரும் ஆனார்கள். அந்த இடம் இன்று காலி.

ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் 2020-21 போராட்டம் புதிய பாணிக்குச் சரியான உதாரணம். பல்கலைக்கழகம் அரசு வசம் வந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய். பக்கத்து ஊர் அரசு மருத்துவக் கல்லூரியில் 13,610 ரூபாய். அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்கு என்பதுதான் கோரிக்கை. 2020 டிசம்பரில் உட்கார்ந்தவர்கள் ஐம்பது நாளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. யாரும் கல்லெறியவில்லை. போலீஸும் சுடவில்லை. நிர்வாகம் செய்தது இதுதான்: கல்லூரிக்குக் காலவரையற்ற விடுமுறை அறிவித்தது, விடுதியைக் காலி செய்யச் சொன்னது. மெஸ் மூடியது. தண்ணீரும் மின்சாரமும் நின்றன. பிள்ளைகள் நகரவில்லை. ஜனவரி இறுதியில் அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசு ஆணை பிறப்பித்தது, கட்டணமும் அரசு அளவுக்கு இறங்கியது. ஒரு சொட்டு ரத்தமில்லாமல் முடிந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் விடுதியின் குழாயை அடைக்கலாம் என்ற யோசனை ஓர் அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது என்பதை மறக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் போராட்டத்தை ஒடுக்கத் தடி அவசியமில்லை. மாவட்டத்தில் காவல் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு போதும், அனுமதியில்லாத கூட்டம் எல்லாமே குற்றம். பிறகு எஃப்.ஐ.ஆர். பழைய சட்டத்தில் 143, 188, 341 என்ற மூன்று பிரிவுகளும் சேர்ந்தே வரும்: சட்டவிரோதமாகக் கூடியது, அதிகாரியின் உத்தரவை மீறியது, வழியை மறித்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் எண்கள் 189, 223, 126 என்று மாறியிருக்கின்றன. கைது செய்தவர்களை ஒரு மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். அடி கிடையாது, பல நேரம் மதியம் சாம்பார் சாதம்கூட உண்டு. வழக்கு மட்டும் கிடக்கும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது கிளம்பும். அரசு வேலைக்கு முன்னடத்தை விசாரணை வரும்போது கிளம்பும். தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்கு ஒரு விதி இருக்கிறது: குற்ற வழக்கிலிருந்து சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலை ஆனவரைக்கூட ஒதுக்கலாம். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வர 2021 பிப்ரவரி ஆனது. நான்கு ஆண்டு என்பது வேலை தேடும் ஒரு பட்டதாரிக்குச் சின்னக் காலமல்ல.

போராட்டத்துக்காகப் படிப்பை இழப்பது புதிதல்ல. 1941 பிப்ரவரியில் மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான நடவடிக்கையைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுதியதற்காகக் கைதானார். பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. தேர்வு எழுதவே இல்லை. அவர் என். சங்கரய்யா. நூறு வயதைக் கடந்த அவருக்கு 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தபோது, ஆளுநர் ஆர்.என். ரவி கையெழுத்திடவில்லை. அந்த நவம்பர் 15 அன்று அவர் காலமானார். ஆனால் சங்கரய்யாவுக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது, ஒரு கொள்கை இருந்தது, எண்பது ஆண்டுப் பொதுவாழ்வு இருந்தது. ஒரு நாள் மறியலில் உட்கார்ந்த பையனுக்கு அதெல்லாம் இல்லை. அவனிடம் இருப்பது டிகிரி ஒன்றுதான்.

நான் இருக்கும் தெப்பக்காட்டிலிருந்து சிதம்பரம் வெகுதூரம். கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையில், மாயாற்றங்கரையில், யானை முகாமைச் சுற்றி அமைந்த ஊர் இது. இங்கே காக்கி என்றால் முதலில் வனத்துறை. எந்தப் பாதையில் நடக்கலாம், எங்கே விறகு பொறுக்கலாம் என்று அந்தக் காக்கியைக் கேட்டே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் இங்குள்ள காட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும். பாகனாகவும் காவடியாகவும் (பாகனின் உதவியாளர்) வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளில் இப்போதுதான் ஒன்றிரண்டு பேர் கீழே இறங்கிக் கல்லூரிக்குப் போகிறார்கள். 1965இல் ட்ரங்குப் பெட்டியோடு அண்ணாமலை நகரில் இறங்கிய தலைமுறை எந்தப் படியில் நின்றதோ, இவர்கள் இன்று அந்தப் படியில் நிற்கிறார்கள். அதனால்தான் இந்தப் பழைய கதை எனக்குப் பக்கத்துக் கதையாக இருக்கிறது.

போன சேர்க்கைப் பருவத்தில் ஒரு தகப்பன் கல்லூரிப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார். மகன் சமவெளியில் ஒரு கல்லூரியில் சேர்கிறான். சாதிச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எல்லாம் பையனே நிரப்பிவிட்டான். கடைசிப் பக்கம் உறுதிமொழி. நெருக்கமாக அச்சிட்ட பத்து வரி. ராகிங் செய்ய மாட்டேன் என்பது முதலில். நல்லது. அடுத்து, வேலைநிறுத்தம், ஆர்ப்பாட்டம், கூட்டம், நிர்வாகத்துக்கு எதிரான எந்த நடவடிக்கையிலும் என் மகன் ஈடுபட மாட்டான். ஈடுபட்டால் எந்த விசாரணையும் இன்றி நீக்கலாம், நான் எந்த நீதிமன்றத்துக்கும் போக மாட்டேன். கீழே பெற்றோர் கையொப்பம், கைரேகை என்று இரண்டு கட்டம்.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்றார்.

படித்துச் சொன்னேன்.

"சரிதானே சார், நம்ம பையன் ஏன் வம்புக்குப் போறான்?"

அவர் சொல்வதில் தப்பில்லை. காக்கியோடு வம்பு வேண்டாம் என்று கற்றுக்கொண்டுதான் அவருடைய அப்பனும் பாட்டனும் இந்தக் காட்டில் நிலைத்தார்கள். ஆனால் அந்தப் பத்து வரியில் பறிபோவது ராஜேந்திரன் கேட்ட உரிமையைவிட ரொம்பச் சின்னது. உதவித்தொகை எட்டு மாதமாக வரவில்லை என்று நாலு பேராகப் போய்க் கேட்கும் உரிமை அது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் விடுதியில் சோறு வேகவில்லை என்று சொல்லும் உரிமை. இப்படிப்பட்ட உறுதிமொழிக்குச் சட்டத்தின் முன் எவ்வளவு மதிப்பு என்பது வேறு விஷயம். விசாரணையே இல்லாமல் ஒருவனை நீக்கலாம், அவன் கோர்ட்டுக்கும் போகக் கூடாது என்று எழுதி வாங்கினாலும், அரசியலமைப்புச் சட்டம் அவனுக்குக் கொடுத்த வழி அடைபட்டுவிடாது. ஆனால் கைரேகை வைத்தவருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதை நம்பித்தான் அந்தப் படிவம் அச்சடிக்கப்படுகிறது.

உயர்கல்வித் துறை நினைத்தால் ஒரே சுற்றறிக்கையில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். பேரவைத் தேர்தலை நடத்தச் சொல்லலாம். துணைவேந்தரோ கல்லூரி முதல்வரோ எழுத்தில் கேட்காமல், என்ன காரணம் என்று பதிவு செய்யாமல், அமைதியாக உட்கார்ந்திருக்கும் மாணவர்கள்மேல் போலீஸை அனுப்பக்கூடாது என்று உள்துறை ஓர் ஆணை போடலாம். படிக்கும் வயதில் அமைதியான போராட்டத்துக்காகப் போட்ட வழக்குகள் வேலைச் சரிபார்ப்பில் குறுக்கே நிற்காது என்று விதியைத் திருத்தலாம். மாணவர் போராட்டத்தால் ஆட்சிக்கு வந்தவர்களே மாறி மாறி ஆண்ட மாநிலம் இது. நான் கேட்கும் இந்த மாற்றங்கள் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னேன். போடாவிட்டால் சீட் இல்லை. அவர் தமிழில் தன் பெயரை மெதுவாக எழுதினார். கைரேகைக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றார். பையனை மட்டும் திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னேன்: தம்பி, உதவித்தொகை தாமதமானால் கேள். தனியாகப் போகாதே, மூன்று நாலு பேராகப் போ. வாயால் கேட்காதே, மனுவாக எழுதிக் கொடு. கொடுத்ததற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கு, நகல் ஒன்றை உன் பெட்டியில் வை. பதில் வராவிட்டால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கே போ. அதற்கெல்லாம் இந்த உறுதிமொழி தடை இல்லை, யாராவது தடை என்று சொன்னால் எனக்குப் போன் பண்ணு. அவன் ஒவ்வொன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, "மனு எப்படி எழுதறது சார், ஒரு மாதிரி எழுதிக் குடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன்.